கதவில்லாத ஏபிஐக்குக் கதவு வச்ச கதை

எச்சரிக்கை: இது பொட்டி தட்டுற சமாச்சாரம் கொஞ்சம் தூக்கலா இருக்கிற பதிவு. சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்த மக்கள் இப்படியே திரும்பிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நடுவுல ஒரு போன் கால் வரும். அது வரைக்குமாவது படிச்சுட்டுப் போங்க :-)

மொதல்ல ஏபிஐன்னா என்னன்னு ரெண்டு வரி. நாம பாக்குற இணையப் பக்கத்துல படம், கலர், பட்டன் எல்லாம் இருக்கும். அதையெல்லாம் உரிச்சுப் போட்டுட்டு, வெறும் தகவலை மட்டும் ஒரு நிரல் இன்னொரு நிரல்கிட்ட கேட்டு வாங்குற ஜன்னல்தான் ஏபிஐ. ஜன்னல்ல போய் "கோவில்பட்டி, ஓ பாசிட்டிவ்"னு கேட்டா, பேரும் நம்பரும் வரிசையா வந்து விழும். எதுக்கு இந்த உதாரணம்னா, நான் சொல்லப் போற ஏபிஐயே அதுதான்.

எங்க ஊர்ப்பக்கம் ரத்தம் குடுக்கிறவங்க பட்டியல் ஒண்ணு இருக்கு. சில வருஷம் முன்னாடி காலேஜ் பசங்க நாலு பேர் ஆரம்பிச்சது. முதல்ல நோட்டு, அப்புறம் எக்ஸெல், அப்புறம் பைத்தான்ல குட்டியா ஒரு ஏபிஐ. அதை வச்சு ஒரு பையன் ஆண்ட்ராய்டு ஆப் பண்ணினான். இன்னொருத்தன் டெலிகிராம்ல கேட்டா பதில் சொல்ற பாட் பண்ணினான். படிப்பு முடிஞ்சு பசங்க ஆளுக்கொரு திசையில ஆணி புடுங்கப் போயிட்டாங்க. பட்டியல் மட்டும் வளர்ந்துக்கிட்டே போச்சு. என் கைக்கு வர்றப்ப 640 பேர்.

இப்ப அதைப் பாத்துக்கிறவர் ஒரு அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை. கம்ப்யூட்டர் பத்தி எதுவும் தெரியாது, ஆனா எந்த ஆஸ்பத்திரியில எந்த நேரத்துல எந்த சிஸ்டர் ட்யூட்டின்னு தெரியும். "சாஃப்ட்வேர்ல இருக்கீக, இதைக் கொஞ்சம் பாத்துக் குடுங்க தம்பி"ன்னு ஒரு நாள் கேட்டார். பாத்தேன். ஏபிஐ நல்லாத்தான் எழுதியிருந்தாங்க. பயனர் பதிவு, லாகின், கணக்கு எதுவுமே கிடையாது, அவ்வளவுதான். அம்பது பேர், எல்லாரும் தெரிஞ்ச முகம்கிற காலத்துல அது தேவையும் பட்டிருக்காது.

ஏன் கதவு வேணும்?

அண்ணாச்சி சொன்ன மூணு சம்பவம்.

ஒண்ணு. பட்டியல்ல ஒரு நர்சிங் படிக்கிற பொண்ணு. ஓ நெகட்டிவ். கிடைக்கிறதே அபூர்வம். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும், ஆஸ்பத்திரின்னு நினைச்சு எடுத்தா ஒருத்தன் வழிவான். நாலு தடவை பொறுத்துட்டு, "என் பேரை எடுத்துருங்க அண்ணே"ன்னு சொல்லிருச்சு. அதைப் பாத்து இன்னும் எட்டு பொண்ணுங்க. பட்டியல்ல இருந்த பொண்ணுங்களே 83 பேர்தான். அதுல ஒன்பது பேர் போயாச்சு.

ரெண்டு. புரோக்கர். நம்ம நாட்டுல காசுக்கு ரத்தம் குடுக்கிறது 1998 ஜனவரி 1லேர்ந்து தடை. சுப்ரீம் கோர்ட் 1996ல குடுத்த தீர்ப்பு. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற ஆளு, இந்த ஜன்னல்ல நம்பரை எடுத்து, நோயாளி வீட்டுக்காரங்ககிட்ட "ஏற்பாடு பண்ணித் தாரேன்"னு ரெண்டாயிரம் வாங்கிட்டு, ரத்தம் குடுக்கிறவருக்குத் தெரியாமலேயே அவரை இலவசமா வரவச்சிருக்கான்.

மூணாவதுதான் நான் சொன்ன போன் கால். அண்ணாச்சி கடையிலேர்ந்து ஒரு நம்பரைக் கூப்பிட்டிருக்கார். ஒரு அம்மா எடுத்தாங்க. "அவுக இல்ல தம்பி. தவறி எட்டு மாசம் ஆச்சு"ன்னாங்க. அண்ணாச்சிக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மன்னிச்சுக்கோங்கன்னார். அந்த அம்மா கோவப்படல. "நீங்க மூணாவது ஆளு. ஆஸ்பத்திரி கேஸா இருக்குமேன்னு ஒவ்வொரு தடவையும் எடுக்கேன். பேரை எடுக்கச் சொல்லணும், யாருகிட்ட சொல்லணும்னுதான் தெரியல"ன்னாங்க.

யாருகிட்ட சொல்லணும்னு தெரியல. எனக்கு அதுதான் மண்டைக்குள்ள நின்னுச்சு. கணக்குன்னு ஒண்ணு இல்லாத இடத்துல, "இது என் பேரு, எடுங்க"ன்னு சொல்ற உரிமையும் கிடையாது. பயனர் பதிவுன்னா ஆளை உள்ள விடுற வேலைன்னுதான் நாம பழகியிருக்கோம். வெளிய போறதுக்கும் அதே கதவுதானே வழி.

அண்ணாச்சி போட்ட முட்டுக்கட்டை

"லாகின் வச்சுருவோம் அண்ணாச்சி"ன்னேன். அவர் கேட்ட கேள்விக்கு எந்தப் பாடப் புத்தகத்துலயும் பதில் இல்ல.

"ஏ தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு, பொண்டாட்டிக்கு பிரசவத்துல ரத்தப் போக்குன்னு ஒருத்தன் நடுங்கிக்கிட்டு நிப்பான். அவன்கிட்ட போயி ஈமெயில் குடு, பாஸ்வேர்ட்ல ஒரு பெரிய எழுத்து போடு, ஒரு புள்ளி போடுன்னு சொல்லுவியா?"

சொல்ல முடியாது. அதனால முதல் ரெண்டு நாள் ஒரு வரிகூட எழுதல. யாருக்குக் கணக்கு வேணும், யாருக்கு வேண்டாம்னு பேப்பர்ல கோடு போட்டுக்கிட்டே இருந்தோம். கடைசியில வந்த முடிவு இது:

பொதுமக்கள்: கணக்கு வேண்டாம். ஜன்னல்ல கேட்டா எண்ணிக்கை மட்டும் வரும். "கோவில்பட்டி வட்டாரம், ஓ பாசிட்டிவ், 140 பேர்". பேரும் கிடையாது, நம்பரும் கிடையாது.

ரத்தம் கேக்கிறவர்: கணக்கு வேண்டாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த வகை, எத்தனை யூனிட், தன்னோட நம்பர். ஒரு ஓடிபி. அவ்வளவுதான்.

ரத்தம் குடுக்கிறவர்: கணக்கு உண்டு. தன் தகவலைப் பாக்க, மாத்த, நிறுத்த, அழிக்க.

தன்னார்வலர்: கணக்கு உண்டு, பாஸ்வேர்ட் உண்டு. மத்தவங்க நம்பர் தெரியுறது இவங்களுக்கு மட்டும். மொத்தம் பதினோரு பேர்.

முக்கியமான திருப்பம் ஒண்ணு இருக்கு, கவனிச்சீங்களா? முன்னாடி, கேக்கிறவர் கையில குடுக்கிறவர் நம்பர் போகும். இப்ப, குடுக்கிறவருக்கு கேக்கிறவர் நம்பர் போகும். தன்னார்வலர் ஆஸ்பத்திரியில விசாரிச்சு "சரி"ன்னு அமுக்கினதும், பக்கத்துல இருக்கிற பத்து பேருக்கு செய்தி போகும். முடிஞ்சவங்க அவங்களே கூப்பிடுவாங்க. ராத்திரியில தன்னார்வலர் யாரும் பத்து நிமிஷத்துக்குள்ள பாக்கலைன்னா, "எந்நேரமும் கூப்பிடலாம்"னு குறிச்சவங்களுக்கு நேரா போயிடும். இதைக் கேட்டதும் அண்ணாச்சி வாயைத் தொறக்கல. ஒரு டீ சொன்னார். நம்ம ஊர்ல அதுதான் ஒப்புதல் கையெழுத்து.

பேருன்னா ஒரே கட்டம்

இப்ப பதிவுப் படிவம். எந்த நிரல் தொகுப்பை எடுத்தாலும் முதல் பெயர், கடைசிப் பெயர்னு ரெண்டு கட்டம் வச்சிருப்பான். ரெண்டும் கட்டாயம். நமக்கு ஏதுங்க கடைசிப் பெயர்? அப்பா பேரைப் போடுவோம், இல்லைன்னா இனிஷியலை. சிலர் ஒரு புள்ளி மட்டும் வச்சுட்டுப் போவாங்க. அப்புறம் "அன்புள்ள புள்ளி அவர்களுக்கு"ன்னு செய்தி வரும் :-) ஒரே கட்டம் வச்சேன். "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" அம்புட்டுதான்.

தமிழ்ல பேர் எழுதுறவங்களுக்கு இன்னொரு சிக்கல். "கோமதி"ங்கிற பேர்ல இருக்கிற ஓகாரத்தை யூனிகோடுல ரெண்டு விதமா சேமிக்கலாம். ஒரே குறியா ஒண்ணு, முன்னாடி இரட்டைக் கொம்பும் பின்னாடி காலும்னு ரெண்டு குறியா இன்னொண்ணு. திரையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான். ஆனா டேட்டாபேஸுக்கு அவங்க ரெண்டு வேற வேற கோமதி. உள்ள வர்ற எல்லாப் பேரையும் என்எஃப்சிங்கிற ஒரே வடிவத்துக்கு மாத்திட்டுத்தான் சேமிக்கணும். ஒரே ஒரு வரி நிரல்தான். அந்த வரி இல்லைன்னா தேடல்ல பாதிப் பேர் கிடைக்க மாட்டாங்க.

வயசுன்னு ஒரு எண்ணை வாங்கி வைக்கிறதுல அர்த்தமில்ல, அது வருஷா வருஷம் மாறும். பிறந்த தேதி வாங்கணும். ரத்தம் குடுக்க 18லேர்ந்து 65க்குள்ள இருக்கணும், எடை 45 கிலோவாவது இருக்கணும். 18க்குக் கீழன்னா பதிவே வேண்டாம்னு அன்பா திருப்பி அனுப்பிரும். பதினேழு வயசுல ஆர்வமா வர்ற பசங்களுக்கு, "உன் பிறந்த நாளன்னைக்கு வாப்பா"ன்னு ஒரு வரி வச்சிருக்கேன்.

நம்பர்ங்கிறது ஆள் இல்ல

பழைய டேபிள்ல போன் நம்பர்தான் ஒவ்வொருத்தருக்கும் அடையாளம். பாக்க சுளுவாத்தான் இருக்கும். ஆனா நம்பர் கை மாறும். ரீசார்ஜ் பண்ணாம விட்ட நம்பரை, துண்டிச்சு குறைஞ்சது 90 நாள் கழிச்சு கம்பெனிக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துரலாம். டிராய் இதை 2023ல சுப்ரீம் கோர்ட்லயே சொல்லியிருக்கு. அப்ப நம்பர்தான் ஆள்னு வச்சா, நம்பரை வாங்கின புது ஆளு ஓடிபி போட்டு பழைய ஆளோட கணக்குக்குள்ள சாவகாசமா வந்து உக்காந்துக்குவார்.

அதனால ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்குள்ள எதேச்சையா ஒரு நீள எண். அது சாகுற வரைக்கும் மாறாது, வெளியில யாருக்கும் தெரியவும் வேண்டாம். போன் நம்பர்ங்கிறது அந்த ஆளோட பல தகவல்கள்ல ஒண்ணு. எப்ப கடைசியா உறுதி பண்ணினோம்னு ஒரு தேதியும் பக்கத்துல. ஆறு மாசமா உறுதி ஆகாத நம்பருக்கு, முதல்ல "இன்னும் நீங்கதானா?"ன்னு ஒரு செய்தி. கணக்குக்குள்ள நுழைய பிறந்த வருஷமும் கேக்கும்.

இன்னொரு கூத்து. ஒரே நம்பர்ல அப்பா, ரெண்டு பையன் மூணு பேரும் பதிவு. கிராமத்துப் பக்கம் சகஜம். "இந்த எண் ஏற்கனவே உள்ளது"ன்னு திருப்பி அனுப்பினா ரெண்டு யூனிட் ரத்தம் போச்சு. ஒரு நம்பருக்குக் கீழ பல பேர் இருக்கலாம்னு பிரிச்சு வச்சேன். நம்பரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வரணும். முன்னாடி பூஜ்யம், கூட்டல் 91, நடுவுல இடைவெளின்னு ஆளுக்கொரு விதமா அடிச்சிருப்பாங்க. சுத்தம் பண்ணிப் பாத்தா பழைய பட்டியல்லயே 19 பேர் ரெண்டு தடவை இருந்தாங்க. ஆள் கூட ஆளா எண்ணினது இல்ல அந்த 640, அது நோட்டுல இருந்த வரிகளோட எண்ணிக்கை.

அப்புறம் சம்மதம். முகாம்கள்ல பேப்பர்ல எழுதி வாங்கி, தன்னார்வலர் மொத்தமா ஏத்துவாங்க. புருஷன் பொண்டாட்டி பேரைக் குடுப்பார், ஃப்ரெண்டு ஃப்ரெண்டு பேரைக் குடுப்பான், வாத்தியார் மொத்த வகுப்பையும் குடுப்பார். அடுத்தவர் குடுத்த பேர் எல்லாம் "காத்திருப்பு"ங்கிற நிலையிலதான் உள்ள வரும். சம்பந்தப்பட்டவர் தன் போன்லேர்ந்து "ஆமா"ன்னு சொன்னாத்தான் பட்டியல். பதினாலு நாள் பதில் இல்லைன்னா தானா அழிஞ்சிரும்.

பாஸ்வேர்ட் புராணம்

தன்னார்வலர் பதினோரு பேருக்கு மட்டும்தான் பாஸ்வேர்ட். மத்தவங்களுக்கு ஓடிபி போதும். ஆனா பதினொண்ணோ பதினோரு லட்சமோ, பாஸ்வேர்டை வைக்கிற முறை ஒண்ணுதான். இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்ட் வந்தது 1960கள் ஆரம்பத்துல, அமெரிக்காவுல எம்ஐடியோட சிடிஎஸ்எஸ்ங்கிற இயங்குதளத்துல. ஒரே இயந்திரத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கிறதுக்காக வச்சாங்க. 1962லயே ஆலன் ஷெர்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், தனக்குக் குடுத்த கணினி நேரம் பத்தலைன்னு, பாஸ்வேர்ட் கோப்பையே பிரிண்ட் போடச் சொல்லி வாங்கிட்டார். அடிச்சது பிரிண்டர், கேட்டது மாணவர், மாட்டினது எல்லாரும். எதையும் மறைக்காம அப்படியே எழுதி வச்சிருந்ததுதான் காரணம்.

1979ல ராபர்ட் மாரிசும் கென் தாம்ப்சனும் யூனிக்ஸ்ல செஞ்சதை கட்டுரையா எழுதினாங்க. பாஸ்வேர்டை அரைச்சு மாவாக்கி வை, மாவுலேர்ந்து திரும்ப அரிசி எடுக்க முடியாது. அரைக்கிறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு துளி வேற வேற உப்பு போடு, அப்பத்தான் ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வச்சிருந்தாலும் மாவு வேற மாதிரி இருக்கும். நெசமாவே அதுக்குப் பேர் உப்புதான், சால்ட்! 1999ல வந்த பீகிரிப்ட், வேணும்னே மெதுவா அரைக்கிற கல்லு. திருடன் கோடிக்கணக்குல அரைச்சுப் பாக்கணும்னா வருஷக்கணக்காகும். 2015ல பாஸ்வேர்ட் ஹாஷிங் போட்டியில ஜெயிச்சது ஆர்கான்2. அது நினைவகத்தையும் நிறைய தின்னும், அதனால கிராபிக்ஸ் கார்டு வச்சு வேகமா உடைக்கிறவனுக்கு இன்னும் கஷ்டம்.

இவ்வளவு தெரிஞ்ச பிறகும், 2009ல ராக்யூங்கிற நிறுவனத்துலேர்ந்து மூணு கோடிக்கும் மேல பாஸ்வேர்டுகள் வெளிய வந்தப்ப, எல்லாம் அரைக்காத முழு அரிசி. அந்தப் பட்டியலைத்தான் இன்னைக்கும் திருடனும் போலீஸும் பாடப் புத்தகமா வச்சிருக்காங்க.

நான் ஏன் பீகிரிப்டை விட்டு ஆர்கான்2 எடுத்தேன்? காரணம் தமிழ். பீகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல பாக்காது. இங்கிலீஷ்ல ஒரு எழுத்துக்கு ஒரு பைட், 72 எழுத்து தாராளம். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். "கோவில்பட்டி"ங்கிற ஆறெழுத்துலயே பதினோரு குறி, 33 பைட். ரெண்டு தடவை கோவில்பட்டின்னு அடிச்சாலே 66 ஆச்சு. அண்ணாச்சிகிட்ட "உங்களுக்குப் புரியுற ஒரு முழு வாக்கியத்தையே தமிழ்ல பாஸ்வேர்டா வைங்க"ன்னு சொல்ல ஆசை. அப்படிச் சொல்லிட்டு பாதி வாக்கியத்துக்கு மேல கண்ணை மூடிக்கிற கல்லுல அரைக்கிறது சரியா வராது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், புள்ளி, மாசா மாசம் மாத்துன்னு எந்த நிபந்தனையும் வைக்கல. அமெரிக்க என்ஐஎஸ்டியே 2017ல வெளியிட்ட வழிகாட்டியில இதெல்லாம் வேண்டாம்னு சொல்லிருச்சு. நீளமா இருக்கணும், ஏற்கனவே கசிஞ்ச பட்டியல்ல இருக்கக் கூடாது. இந்த ரெண்டு மட்டும் சோதிச்சா போதும்.

வாசல்ல என்ன பதில் சொல்றது?

லாகின்ல தப்பா அடிச்சா "இந்த எண் பதிவாகவில்லை"ன்னு ஒரு பதில், "பாஸ்வேர்ட் தவறு"ன்னு இன்னொரு பதில் சொல்ற வழக்கம் இருக்கு. உதவி பண்றதா நினைப்பு. ஆனா இது எட்டிப் பாக்குறவனுக்கு விருந்து. நம்பரா அடிச்சுப் பாத்து யார் யார் பட்டியல்ல இருக்காங்கன்னு தெரிஞ்சுக்குவான். எதுவானாலும் ஒரே பதில், ஒரே நேரத்துல: "எண் பதிவாகியிருந்தால் செய்தி வரும்".

ஓடிபி ஆறு இலக்கம். மொத்தம் பத்து லட்சம் வாய்ப்புதான், இயந்திரத்துக்கு அது ஒண்ணுமே இல்ல. அதனால அஞ்சு நிமிஷம், அஞ்சு முயற்சி, அதோட செத்துரும். ஒரு நம்பருக்கு ஒரு மணி நேரத்துல மூணு செய்திக்கு மேல போகாது. எஸ்எம்எஸ் அனுப்ப காசு, அதுக்கு முன்னாடி அனுப்புறவர் பேரையும் வாசகத்தோட அச்சையும் டெலிகாம் கம்பெனிகளோட டிஎல்டி தளத்துல பதிஞ்சு அனுமதி வாங்கணும். நிரல் எழுத ஆன நாளை விட இதுக்கு ஆன நாள் ஜாஸ்தி.

ஏபிஐ சொல்ற எண்களை இப்படி நினைவு வச்சுக்கலாம். 401ன்னா "யாருய்யா நீ?" 403ன்னா "உன்னை நல்லாவே தெரியும், ஆனாலும் உள்ள விட மாட்டேன்". 404ன்னா "அப்படி ஒரு வீடே இந்தத் தெருவுல இல்லையே". சில சமயம் 403 சொல்ல வேண்டிய இடத்துல 404 சொல்றதுதான் மரியாதை. வீடு இருக்குன்னு காட்டிக் குடுக்காம இருக்கலாம் பாருங்க.

லாகின் வச்சதோட வேலை முடியாது. உள்ள வந்தவர் தன்னோட பக்கம் 117ஐ பாக்குறார். முகவரியில 117ஐ 118ன்னு மாத்தினா அடுத்தவர் பக்கம் வந்துச்சுன்னா? பூட்டு வாங்கி வாசல்ல மாட்டிட்டு, ரூமுக்கு ரூம் கதவே இல்லாத வீடு மாதிரி. ஓவாஸ்ப் அமைப்பு போட்ட ஏபிஐ ஆபத்துகள் பட்டியல்ல 2019லயும் இதுதான் முதல் இடம், 2023லயும் இதுதான் முதல் இடம். ஒவ்வொரு கேள்விக்கும், "கேக்கிறது யாரு, கேட்ட பொருள் யாரோடது"ன்னு ரெண்டையும் ஒப்பிட்டே ஆகணும்.

உள்ள வந்தவருக்குக் குடுக்கிற டோக்கன் விஷயத்துலயும் ஒரு முடிவெடுக்க வேண்டி வந்துச்சு. 2015ல தரமான ஜேடபிள்யூடிதான் இப்ப எல்லாரும் வாயில வச்சிருக்கிற பேரு. டேட்டாபேஸைக் கேக்காமலேயே கையெழுத்தை மட்டும் பாத்து நம்பலாம், வேகம். ஆனா ஒரு தடவை குடுத்துட்டா காலாவதி ஆகுற வரைக்கும் திரும்ப வாங்குறது கஷ்டம். எங்க தன்னார்வலர் ஒருத்தர் டவுன் பஸ்ல போனைத் தொலைச்சுட்டு வந்து நின்னார்னா, 640 நம்பர் அந்த போன்ல. அந்த நிமிஷமே கதவை அடைக்கணும். அதனால பழைய முறை: எதேச்சையான நீள டோக்கன், அதோட ஹாஷ் மட்டும் டேபிள்ல. "எல்லா போன்லேர்ந்தும் வெளியேறு"ன்னு ஒரு பட்டன், அமுக்கினா டேபிள்ல அந்த ஆளோட டோக்கன் மொத்தமும் காலி. பதினோரு பேருக்கு வேகம் எதுக்கு?

பழைய ஆப் இன்னும் பல போன்ல இருக்கே, அதை என்ன செய்ய? ஒரே ராத்திரியில பழைய ஜன்னலை அடைச்சா, அவசரத்துக்கு ஆப்பைத் திறக்கிறவனுக்கு வெறும் திரை தெரியும். பழைய முகவரியை அப்படியே விட்டேன். நம்பர் வர்ற இடத்துல மட்டும் அண்ணாச்சியோட உதவி எண். பழைய ஆப்புக்கு வித்தியாசமே தெரியாது, எந்தப் பேரை அமுக்கினாலும் போன் கடைக்குப் போகும். மூணு மாசம் அண்ணாச்சி தூங்கவே இல்லைன்னு அவங்க வீட்டம்மா என்னைத் திட்டினது தனிக் கதை.

வெளிய போற வழி

கணக்கு அழிக்கிறதை எல்லாரும் கடைசியில, நேரம் மிச்சமிருந்தா எழுதுவாங்க. நான் இதை முதல்ல எழுதினேன். அந்த அம்மாவோட குரலை நான் கேக்கல, அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும். ஆனாலும் அந்த வரி விடல.

நாலு நிலை வச்சோம். ஓய்வு: ரத்தம் குடுத்தவுடனே ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் தானா மறைஞ்சிரும், யாரும் தொந்தரவு பண்ண முடியாது. நிறுத்தம்: பரீட்சை, கர்ப்பம், வெளியூர், எதுவானாலும் காரணம் கேக்காம நிறுத்தி வைக்கலாம். அழிப்பு: பேர், நம்பர், பிறந்த தேதி எல்லாம் காலி. "எந்த வருஷம் எத்தனை யூனிட்"ங்கிற எண்ணிக்கை மட்டும் ஆள் அடையாளம் இல்லாம தங்கும். காப்புப் பிரதிகள்லேர்ந்தும் 30 நாள்ல போயிரும். 2023ல வந்த தனிநபர் டிஜிட்டல் தகவல் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் அழிக்கவும் கேக்கிற உரிமையைக் குடுக்குது. சட்டம் சொன்னாலும் சொல்லாட்டியும், போறேன்னு சொல்றவங்களை "ஏன் போறீங்க, உறுதியா போறீங்களா"ன்னு மூணு தடவை கேக்கிறது அசிங்கம்.

நாலாவது: "இந்த எண் இப்போது அவரிடம் இல்லை". நாங்க அனுப்புற ஒவ்வொரு செய்திக்குக் கீழயும் ஒரு சுட்டி இருக்கும். அதுக்கு லாகின் வேண்டாம், ஓடிபி வேண்டாம். அந்தச் செய்தி வந்த போன் கையில இருந்தாலே போதும். அமுக்கினா அந்த நிமிஷமே பட்டியல்லேர்ந்து மறையும். விருப்பப்பட்டா மட்டும் காரணம்: நம்பர் மாறிருச்சு, வெளியூர் போயிட்டார், காலமாகிட்டார். மூணாவதை அமுக்கினா ஒரே ஒரு வரி வரும்: "இனி இந்த எண்ணுக்கு எங்களிடமிருந்து அழைப்பு வராது. அவர் செய்த உதவிக்கு நன்றி." இந்த வாசகத்தை எழுதினது அண்ணாச்சி. நான் ஒரு எழுத்தும் மாத்தல.

கடைசிக் கணக்கு

எல்லாம் தயாரானதும் பட்டியல்ல இருந்த 640 வரிக்கும் செய்தி அனுப்பினோம். ஒரு மாசம் கழிச்சு எண்ணினா: உறுதி பண்ணினது 417. "அவர் எண் இல்லை"ன்னு வந்தது 61, அதுல நாலு பேர் காலமாகிட்டாங்க. எடுத்துருங்கன்னவங்க 23. ரெண்டு தடவை இருந்தவங்களும் பதிலே இல்லாதவங்களும் சேந்து 139.

அண்ணாச்சிக்கு முகம் வாடிருச்சு. "ஊருக்குள்ள 640 பேர்னு சொல்லிக்கிட்டு இருந்தேன் தம்பி"ன்னார். நியாயமான வருத்தம். ஆனா அவர் கடையில ஒரு நோட்டு வச்சிருக்கார், யாரைக் கூப்பிட்டோம், யார் வந்தாங்கன்னு. முன்னாடி ஒரு ஆள் கிடைக்க சராசரியா ஒன்பது பேரைக் கூப்பிடணும். இப்ப பத்து பேருக்குச் செய்தி போனா மூணு பேர் அவங்களே கூப்பிடுறாங்க. நோட்டை அவரே கூட்டிப் பாத்துட்டு, ரெண்டு நாள் கழிச்சு கடை வாசல் பலகையில 640ஐ அழிச்சுட்டு 417ன்னு எழுதிட்டார்.

விலகிப் போன ஒன்பது பொண்ணுங்கள்ல அஞ்சு பேர் திரும்ப வந்திருக்காங்க. அந்த ஓ நெகட்டிவ் பொண்ணு இன்னும் வரல. வரணும்னு கேக்கவும் இல்ல, கேக்கிறதுக்கு அவங்க நம்பர் எங்ககிட்ட கிடையாது. அழிச்சுட்டோம்னா அழிச்சுட்டோம்தானே.

உங்க ஊர்லயும் இந்த மாதிரி ரத்தப் பட்டியல், பழைய மாணவர் பட்டியல், குடியிருப்போர் சங்கப் பட்டியல் ஏதாவது ஒரு ஜன்னல் வழியா திறந்து கிடக்கும். ஒரு தடவை எட்டிப் பாருங்க. பூட்டு இருக்கான்னு பாக்கிறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிறவங்க வெளிய வர வழி இருக்கான்னு பாருங்க. இதை வேற விதமா செஞ்சவங்க, டிஎல்டி பதிவை சீக்கிரமா முடிக்கிற சூட்சுமம் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லிட்டுப் போங்க, புண்ணியமா போகும்.

டிஸ்கி: 18 வயசாச்சு, 45 கிலோ இருக்கு, உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னா, போய் ஒரு யூனிட் குடுத்துட்டு வாங்க. அதுக்கு எந்த லாகினும் வேண்டாம் :-)

இப்போதைக்கு ஜூட்.